வடிகஞ்சி கொட்டிய கால்: 72 வயதுப் பெண்ணின் வெந்த காயம் குறித்த நிகழ்வு ஆய்வு

நோயாளி 72 வயதுப் பெண். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், தனியாக வசிக்கிறார். எடை 48 கிலோ. 14 வருடமாகச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இடது கண்ணில் புரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர்தான். இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. மதுரை வட்டாரத்து வீடுகளில் முதியவர்களுக்கு வெந்த காயம் எப்படி நேர்கிறது, எப்படி முற்றுகிறது என்பதைக் காட்டப் பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு.

தீக்காயம் என்றதும் மண்ணெண்ணெயும் சிலிண்டரும்தான் நினைவுக்கு வரும். வயதானவர்கள் விஷயத்தில் கொதிநீர், கஞ்சி, ரசம், குளிக்கிற வெந்நீர், ஒத்தடப் பை ஆகியவற்றையும் அதே அளவு கவனிக்க வேண்டும். நெருப்பே இல்லாமல் வருகிற காயம் என்பதால் வீட்டில் யாரும் இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நடந்தது

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். வழக்கமாகக் கால் கிலோ அரிசி வடிப்பவர் அன்று ஒரு கிலோ போட்டார். அடுப்பு மேடையில் இருந்த அலுமினியக் குண்டானை இறக்கி, அங்கணத்துக்குக் கொண்டுபோய், மணையில் உட்கார்ந்து வடித்தார். ஒரு கிலோ அரிசி, நாலு லிட்டர் தண்ணீர், குண்டான், மூடி எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஆறு கிலோ. அதை இரண்டு கையால் பிடித்து, மூடியை அழுத்திக்கொண்டே சாய்க்க வேண்டும். விரல் பிடிப்பு குறைந்த கைக்கு இது கடினமான வேலை.

பிடிதுணி ஈரமாக இருந்தது. காய்ந்த துணியின் இழைகளுக்குள் காற்று நிற்பதால் சூடு மெதுவாகத்தான் ஏறும். நனைந்த துணியில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், சூடு சட்டென்று கைக்கு வந்துவிடும். வடிக்க ஆரம்பித்ததும் ஆவியும் சேர்ந்து அடித்தது. பெருவிரல் தானாக விலகியது, மூடி நழுவியது, கஞ்சி இடது தொடையில் கொட்டி, முழங்கால் வழியாக இறங்கிப் பாதத்தின் மேல் தேங்கியது.

தண்ணீர் கொட்டினால் ஓடிவிடும். கஞ்சி ஓடாது. மாவுச்சத்து இருப்பதால் கொழகொழவென்று தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் பிடித்துவைக்கும். அதன் மேல் நனைந்த சேலை, அதற்குள் பாவாடை. மணையிலிருந்து எழ அவருக்குச் சுவர் தேவைப்பட்டது. எழுந்து, கொசுவத்தை உருவி, பாவாடை நாடாவை அவிழ்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெளியாள் வந்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் துணியைக் களைந்தார்.

பேத்தி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து, “தண்ணிய ஊத்தாத பாப்பா, கொப்புளம் போட்டுரும்” என்று தடுத்து இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார். தொடை எரிந்தது. பாதம் எரியவில்லை. “காலுக்கு ஒண்ணுமில்லத்தா, தொடைதான் காந்துது” என்று அவரே சொன்னதால் எல்லாரும் தொடையையே பார்த்தார்கள்.

மறுநாள் தொடையில் கொப்புளம். மூன்றாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் திருப்பூரிலிருந்து வந்த மகன், அம்மா பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்வதைக் கவனித்தார், பாதத்திலிருந்து வாடையும் வந்தது. 108 அழைத்து, தாலுகா மருத்துவமனை வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சேர்க்கையின்போது கண்டவை

காய்ச்சல் இல்லை. அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. முதியவர்களுக்குச் சீழ் பிடித்தாலும் உடம்பு சுடாமல் போகலாம். பேச்சுத் தடுமாற்றம், சாப்பாட்டில் வெறுப்பு, சிறுநீர் குறைவு ஆகியவைதான் பல நேரம் முதல் அறிகுறி. வயசானதால் உளறுகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவதும் இதைத்தான். இரத்தச் சர்க்கரை 362, சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் 1.6, நாக்கு வறண்டிருந்தது.

காயத்தின் பரப்பை நோயாளியின் கையை வைத்தே அளந்தார்கள். விரல்களோடு சேர்த்து அவருடைய உள்ளங்கை மொத்த உடல் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18 என்ற ஒன்பதின் கணக்கு பெரிய காயத்துக்குச் சரி. இப்படித் திட்டுத் திட்டான காயத்துக்கு உள்ளங்கைதான் நம்பகமானது. தொடையில் 3, முழங்காலுக்குக் கீழே ஒன்றரை, பாதத்தின் மேல் ஒன்றரை, மொத்தம் 6 சதவீதம். வெறுமனே சிவந்த இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆழம் இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. தொடையில் கொப்புளத்துக்கு அடியில் ஈரமான இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் நிறம் திரும்பியது, தொட்டால் வலித்தது. இது மேலோட்டமான காயம், இரண்டு மூன்று வாரத்தில் தானாக மூடும். பாதத்தில் தோல் வெளிறித் தோல்செருப்பு மாதிரி விறைத்திருந்தது. அழுத்தினாலும் நிறம் மாறவில்லை, வலியும் இல்லை. முழு ஆழக் காயம்.

ஒரே கஞ்சி, ஒரே நொடி, இரண்டு விதக் காயம். காரணம் பாதத்தில் கஞ்சி தேங்கி நின்றது. அவர் அதைத் துடைக்காததற்குக் காரணம் பாதத்தில் உணர்ச்சி இல்லாதது. சர்க்கரை நோய் கால் நரம்புகளை எப்போதோ மரக்கச் செய்திருந்தது. எரியாத காயம் சின்னக் காயம் என்று வீட்டில் எடுத்த முடிவு தலைகீழானது. எரிச்சலே இல்லாத இடம்தான் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டிய இடம்.

சூட்டின் அளவும் நேரமும்

தோல் வேக எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் அளந்து வெளியிட்டார்கள். 44 டிகிரி செல்சியஸில் தோல் வேக 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் 5 நொடி போதும். 70 டிகிரிக்கு மேலே போனால் நொடிக்கும் குறைவு. முதியவர்களின் தோல் மெலிந்தது, இரத்த ஓட்டமும் மந்தம் என்பதால் இந்த நேரங்கள் இன்னும் சுருங்கும்.

இந்த நிகழ்வை அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், காயத்தை ஆழமாக்கியது கொட்டிய கணம் மட்டுமல்ல. எழ முடியாத நேரம், கூச்சத்தில் சேலையைக் களையாத நேரம், மரத்த பாதம் எதையும் சொல்லாத நேரம், தண்ணீரைத் தடுத்த நேரம், மருத்துவமனைக்கு வராத நாலு நாள். முதியவர்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் கூடுகிறது. தடுப்பும் அங்கேதான் செய்ய வேண்டும். “கவனமா இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவதால் ஒரு நொடிகூடக் குறையாது.

நாலு நாள் தாமதத்தை லேசாக விடக்கூடாது. வெந்த இடத்தின் நடுவில் தோல் செத்திருக்கும். அதைச் சுற்றி இரத்த ஓட்டம் தேங்கி, பிழைக்கவும் சாகவும் வாய்ப்புள்ள ஒரு வளையம் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் நீர்ச்சத்து குறைந்தாலோ, கிருமி சேர்ந்தாலோ, சர்க்கரை ஏறினாலோ அந்த வளையமும் போய்விடும். இவருக்கு மூன்றும் நடந்தன. முழங்காலுக்குக் கீழே இருந்த ஒன்றரை சதவீதம் அப்படி ஆழமாகிப் போனதுதான்.

முதலுதவி: செய்ததும் செய்திருக்க வேண்டியதும்

தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் வரும் என்பது ஊரெல்லாம் பரவிய நம்பிக்கை. கொப்புளம் வருவது சூட்டால். குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. உடனே முடியவில்லை என்றாலும் காயம் பட்டு மூன்று மணி நேரம் வரை அதனால் பலன் உண்டு. பேத்தி செய்ததுதான் சரி, ஒரு செம்போடு நின்றதுதான் குறை.

மதுரையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. மத்தியானத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். குழாயைத் திறந்ததும் காலை நீட்டாமல், கையில் பட்டுப் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். இல்லையென்றால் குடத்துத் தண்ணீரை எடுத்து இரண்டு பேர் மாறி மாறிச் செம்பால் ஊற்றலாம். ஐஸ் கட்டி வேண்டாம், அது இரத்த ஓட்டத்தை இன்னும் சுருக்கும். முதியவர்களுக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும் என்பதால் காயத்துக்குத் தண்ணீர், மற்ற உடம்புக்குப் போர்வை. நடுக்கம் வந்தால் தண்ணீரை நிறுத்தலாம்.

அதற்கும் முன்னால் துணி. நனைந்த சூடான துணியை உடனே களைய வேண்டும், தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சுற்றிலும் கத்தரிக்க வேண்டும். பாவாடை நாடாவை அவிழ்க்க மெனக்கெட வேண்டாம், வெட்டிவிடலாம். கூச்சம் பார்க்கிற இடத்தில் ஒரு பெண் வேட்டியையோ போர்வையையோ விரித்து மறைத்துக்கொண்டாலே போதும், அறை தேட வேண்டியதில்லை. மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்ற வேண்டும். இவருக்கு நாலாம் நாள் மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள்.

இட்லி மாவு புளித்த மாவு, உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்தது. காய்ந்து ஓடாகிவிட்டால் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிழைத்திருக்கும் தோலும் வந்துவிடும். பற்பசை, பேனா மை, மஞ்சள், நல்லெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்: ஆழத்தை மறைக்கும், கழுவ வேண்டிய வேலையைக் கூட்டும். காயத்தைத் துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடிவிட்டு வண்டி ஏற்றலாம்.

60 வயதுக்கு மேல் யாருக்குக் காயம் பட்டாலும், அளவு எதுவானாலும், அன்றைக்கே காட்ட வேண்டும். கை, பாதம், முகம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்கள் என்றால் தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போவது நல்லது.

சிகிச்சை

முதல் நாளே காயத்தைக் கழுவி மாவையும் செத்த தோலையும் எடுத்தார்கள். டெட்டனஸ் தடுப்பூசி, வலிக்குப் பாரசிட்டமால். சிறுநீரகம் தளர்ந்திருந்ததால் டைக்ளோபினாக் வகை வலி மாத்திரைகளைத் தவிர்த்தார்கள். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தி, இன்சுலினுக்கு மாற்றினார்கள்.

பெரிய காயம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்கு எடை, சதவீதம் இரண்டையும் பெருக்கி அதை நாலு மில்லியால் பெருக்கிக் குளுக்கோஸ் இல்லாத ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரை நரம்பில் ஏற்றும் கணக்கு உண்டு. 48 கிலோவில் 20 சதவீதம் என்றால் 3,840 மில்லி, அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில், காயம் பட்ட நேரத்திலிருந்து எண்ணி. இதயம் தளர்ந்த முதியவருக்கு அந்த அளவே நுரையீரலில் நீர் கோக்க வைக்கலாம் என்பதால் குறைவாகத் தொடங்கிச் சிறுநீரைப் பார்த்துக் கூட்டுவார்கள். இலக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, இவருக்கு 24 மில்லி. 6 சதவீதத்துக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. வறட்சியைச் சரிசெய்யும் அளவுக்குத்தான் ஏற்றினார்கள்.

வயதையும் காயத்தின் சதவீதத்தையும் கூட்டிப் பார்க்கும் பாக்ஸ் கணக்கில் இவருக்கு 78. இன்றைய சிகிச்சையில் அந்த எண்ணை அப்படியே இறப்பு விகிதமாகப் படிக்கக் கூடாது. ஆனால் ஆறு சதவீதம்தானே என்று சொல்லத் தோன்றும்போது கணக்கில் வயதுக்கு எவ்வளவு எடை என்பதை அது நினைவுபடுத்தும்.

ஏழாம் நாள் பாதத்திலும் கீழ்க்காலிலும் செத்த சதையை வெட்டி, வலது தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். முதியவர்களுக்குத் தோல் எடுத்த இடமும் ஆற நாளாகும், அதனால் எடுப்பதைச் சிக்கனமாக எடுக்க வேண்டியிருந்தது. பாதம் கீழ்நோக்கிச் சுருங்காமல் இருக்கச் செங்கோணத்தில் ஸ்பிளிண்ட் என்ற தாங்குகட்டை. முழங்கால் தேய்மானம் உள்ளவர் என்பதால் படுக்கையிலேயே தொடைப் பயிற்சியைத் தொடங்கினார்கள். இல்லாவிட்டால் காயம் ஆறும்போது நடை போயிருக்கும்.

சண்டை வந்தது சாப்பாட்டில். முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும் என்று வீட்டார் வெறும் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காயம் ஆறக் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் புரதம் வேண்டும். இவருக்கு நாளுக்கு 72 முதல் 96 கிராம். கஞ்சியில் அது கிடைக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8 கிராம், வேகவைக்காத 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம். சிறுநீரகக் குறியீடு சரியான பிறகு முட்டை மூன்று, பால், சுண்டல், மீன் என்று ஏற்றினார்கள். ஒட்டிய தோல் பிடித்தது. நாலாம் வாரக் கடைசியில் வீடு திரும்பினார்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

முதலில் கால். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கவும் கூடாது. ஆறு தொடலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இப்ஸ்விச் தொடு சோதனை என்று இதற்குப் பெயர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரையை வாங்கும்போது காலையும் காட்டிவிடலாம்.

கால் மரத்தவர் தண்ணீர்ச் சூட்டைப் பாதத்தால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அதன் மேல் வெந்நீர், இந்த வரிசை மாறக் கூடாது. அடுப்பில் கொதித்த தண்ணீர் என்றால் ஒரு செம்புக்கு ஐந்து செம்பு பச்சைத்தண்ணீர் கலந்தால் 40 டிகிரி வாக்கில் நிற்கும். ஹீட்டர் ராடு வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1500 வாட் ராடு 20 லிட்டர் வாளியை அரை மணி நேரத்தில் 60 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். சீரியல் பார்த்துக்கொண்டு இன்னொரு அரை மணி மறந்தால் கொதிநிலையை நெருங்கும். வாளித் தண்ணீர் 60 டிகிரியில் இருந்தால் அதில் மூன்று பங்குக்கு ஐந்து பங்கு பச்சைத்தண்ணீர். ராடின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

ஒத்தடப் பை, சூடு செய்த செங்கல், மணல் மூட்டை எதுவும் மரத்த பாதத்துக்கு ஆகாது. முழங்காலுக்கு வைப்பதென்றாலும் துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்றி, 15 நிமிடம், விழித்திருக்கும்போது மட்டும். வைத்துக்கொண்டே தூங்கிப்போவதுதான் ஆபத்து, 44 டிகிரி கணக்கு அங்கே வேலை செய்யும்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு மத்தியானத்தில் தார் ரோட்டில் நடப்பதும் இதே வகைதான். உச்சிவெயிலில் தார் 60 டிகிரியை எட்டும், நடப்பவருக்கோ தெரியாது. கோயிலுக்குக் காலையில் சீக்கிரம் போகலாம், கல் பிராகாரத்தில் தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். வீடு வந்ததும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும்.

விளக்கேற்றும்போது முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். நைலான், பாலியஸ்டர் சேலை உருகித் தோலில் ஒட்டும், பூஜைக்கும் அடுப்புக்கும் பருத்திதான். எட்டிக் கை நீட்டி ஏற்றும்படி விளக்கை வைக்காமல், அதற்குப் பின்னால் வேறு எதையும் எடுக்க வேண்டிய தேவையும் இல்லாமல் வைக்க வேண்டும். துணியில் தீ பிடித்தால் முதியவர் தரையில் உருள முடியாது. உடனே தண்ணீர், அல்லது தடித்த பருத்திப் போர்வை. ஓடக் கூடாது.

கேஸ் விஷயத்தில் வாசனையை மட்டும் நம்ப வேண்டாம். வயதாக ஆக மூக்கு மங்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், அதனால் மேல் ஜன்னலைத் திறப்பதோடு நிற்காமல் வாசல் கதவையும் திறக்க வேண்டும். ஸ்விட்ச் எதையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கசிவுக்கு அழைக்க 1906. இரவில் ரெகுலேட்டரை மூடுவதும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அடுப்புக்குக் கேஸ் போகும் சுரக்ஷா குழாயை மாற்றுவதும் பிள்ளைகளின் வேலை.

மூன்றாம் மாதம்

ஒட்டிய தோலில் அரிப்பு இருந்தது. வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் அங்கே இல்லாததால் தோல் வறண்டு வெடிக்கும், நாளுக்கு இரண்டு மூன்று முறை தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு. வலது கண் பார்வையும் மங்குகிறது என்று தெரிந்ததால் புரை அறுவைக்கு நாள் குறித்தாயிற்று.

மகன் குக்கர் வாங்கி வைத்தார். அவர் தொடவில்லை. வடித்த சோறுதான் சர்க்கரைக்கு நல்லது என்பது அவர் கட்சி. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போவது உண்மைதான், ஆனால் தட்டில் எவ்வளவு சோறு என்பதே சர்க்கரையைத் தீர்மானிக்கிறது. அதை அவரோடு வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை. வடிக்கும் முறையை மாற்றினால் போதும் என்று பேசி முடித்தார்கள். அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் இல்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள சின்னப் பாத்திரம். வெந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை நகர்த்தாமல் மேடையிலேயே விட்டு, அரிகரண்டியால் சோற்றை அள்ளிப் பக்கத்தில் உள்ள வடிதட்டில் போடுவது. கஞ்சி ஆறுகிற வரை அடுப்பிலேயே இருக்கும். பிடிதுணி இரண்டு, ஒன்று எப்போதும் காய்ந்து கொடியில் தொங்க வேண்டும். விருந்தாட்கள் வருகிற நாளில் வடிப்பது மருமகள்.